கேட்கத் தெரிந்தவர்

யாராவது என் கடைக்குள் நுழைந்து, என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தால் இன்றைக்கும் நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வேன். பக்கத்து நூலகத்தில் இருந்த மேடம் ஏற்படுத்திவிட்டுப் போன பயம் அது. “பாய், இந்த நாற்காலி சும்மாதானே கெடக்குது?” என்பார். சும்மாவெல்லாம் கிடக்காது. அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஷார்ஜாவில் அடுத்தவன் கடையில் வருடக்கணக்காக நின்றது போதும் என்று ஊருக்கு வந்து போட்ட கடை. ஒட்டினாற்போல இருக்கும் கட்டடம் அரசுக் கிளை நூலகம். அங்கே நூலகராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. எல்லோருக்கும் அவர் லைப்ரரி மேடம். குள்ளமாக, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பார். தோளில் ஒரு பெரிய ஜோல்னாப் பை. சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

நூலகத்துக்கு வேண்டும் என்றால் யாரிடமும் எதையும் கேட்டுவிடுவார். கூச்சம் என்ற ஒன்றை இறைவன் அவருக்கு வைக்கவே இல்லையோ என்று தோன்றும். ஆனால் தனக்கென்று வாய் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. நானாக டீ சொல்லி அனுப்பினால் குடிப்பார். அனுப்பாவிட்டால் அதுவும் இல்லை.

நூலகத்தில் மின்விசிறி போட்டால் பேப்பர்கள் பறக்கும் என்று, பீங்கான் பட்டறை ஒன்றுக்குப் போய், சூளையில் கோணிப்போன ஃபியூஸ் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு பேப்பர் மேலும் வெள்ளை வெளேரென்று ஒன்று உட்கார்ந்திருக்கும். பட்டறைக்காரர் என்னிடம் வந்து, “பாய், கழிவுதானேன்னு குடுத்தேன். மறுநாளு வந்து, நல்லதும் நாலு குடுங்க, எங்க மெயின் போர்டுல ஃபியூஸு போயிருச்சுங்கறாங்க” என்றார். புலம்புகிறாரா மெச்சுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. குடுத்தீங்களா என்று கேட்டேன். குடுக்காம வுடுவாங்களா என்றார்.

மழைக்காலத்தில் கூரை ஒழுகும். மேலிடத்துக்கு எழுதிப் போட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. உடனே ஃபிளெக்ஸ் பேனர்கள் மேல் கண் வைத்துவிட்டார். ஊரில் எந்த விசேஷம் முடிந்தாலும் மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் நிற்பார். “விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? சந்தோஷம். அந்த பேனர வெச்சு என்னா பண்ணப் போறீங்க?” அப்படி வாங்கியவற்றை அலமாரிகளுக்கு மேல் கட்டி வைத்திருந்தார். வரலாற்று நூல்களுக்கு மேலே ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா. அறிவியலுக்கு மேலே புதுமனை புகுவிழா. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தால், தாய்மாமன்கள் கும்பிட்டபடி வரவேற்பார்கள்.

ரேஷன் கடை வரிசையையும் அவர் விடுவதில்லை. சர்க்கரைக்கு நிற்கும் ஆட்களிடம் போய், “வூட்டு வரி கட்டுறீங்கல்ல? அதுலயே லைப்ரரிக்கும் சேத்துத்தான் புடிக்கிறாங்க. காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டு சினிமாவுக்குப் போவாம வூட்டுலயே இருப்பீங்களா? வந்து உக்காருங்க. கூரைய ஏன் மாத்தலன்னு கேளுங்க. புது புத்தகம் ஏன் வரலன்னு கேளுங்க. நான் கேட்டா, சம்பளம் வாங்குறவ கேக்குறான்னுவாங்க. நீங்க கேட்டா வரி கட்டுறவங்க கேக்குறதா ஆவும்” என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு எரிச்சல் வரும். கடைவீதியில் ஒரு மொத்த வியாபாரி, இவர் எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவார். இவரும் தாண்டுவார்.

எனக்கே பல நாள் கோபம் வந்திருக்கிறது. வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் வந்து, “பாய், இந்த பழைய கேள்வித்தாள ஒரு முப்பது காப்பி எடுத்து வையுங்க, பசங்க வராங்க” என்று சொல்லிவிட்டு, காசைப் பற்றிப் பேசாமல் போய்விடுவார். என் மனைவி, “நீங்க ஷார்ஜாவுல சம்பாதிச்சதெல்லாம் பக்கத்துக் கட்டடத்துக்குத்தான் போவுது” என்பாள். ஒரு நாள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “மேடம், இப்படி எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காதா?” என்று கேட்டேவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “கேக்காம இருந்தாத்தான் பாய் ஒரு மாதிரியா இருக்கும். இல்லன்னு சொல்லட்டும், திரும்பி வந்துட்டுப் போறேன்” என்றார்.

இந்தக் கேட்கும் வித்தையில் அவர் செய்த பெரிய காரியம் பஸ்ஸில் புத்தகம் அனுப்பியதுதான்.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் போகாத பொருள் கிடையாது. மாத்திரை, மோட்டார் சாமான், தைத்த ஜாக்கெட், பையனுக்குச் சோறு என்று எதையும் கண்டக்டர் கையில் கொடுத்தால் போதும், அந்தந்த நிறுத்தத்தில் ஆள் நின்று வாங்கிக்கொள்ளும். இவர் அந்த வழியில் புத்தகத்தை ஏற்றினார். பெண்ணாடம் பக்கம் ஒரு கட்டு, வேப்பூர் பக்கம் ஒரு கட்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் ஊரும் பேரும் எழுதிய சீட்டு. உறுப்பினர் படிவமும் பஸ்ஸிலேயே போய்க் கையெழுத்தாகி வரும். டவுனுக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகும் என்பதால் நூலகப் பக்கமே வராத ஆட்களுக்கு, ஊர் நிறுத்தத்திலேயே புத்தகம் வந்து இறங்கியது. படித்து முடித்ததும் அதே பஸ்ஸில் திரும்பி வரும்.

பெண்ணாடம் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் முதலில் மறுத்துப் பார்த்தார். “மேடம், நான் டிக்கெட் போடுவனா, உங்க புத்தகத்த இறக்குவனா?” என்றார். ஒரு வாரம் விடாமல் கேட்டதில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு வேறு தொல்லை. கிராமத்திலிருந்து, புத்தகம் வர லேட்டாகிறது என்று நூலகத்துக்குப் போன் மேல் போன். இவர் பஸ் ஸ்டாண்டுக்கே போய் விசாரித்தார். கண்டக்டர் தலையைச் சொறிந்தார். “இல்ல மேடம்… அந்தக் கொலைக் கதையில ஆளு யாருன்னு தெரியாம எப்படி இறக்குறது? இன்னும் கொஞ்சம்தான் இருக்குது.” அன்றைக்கே அவரையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார் மேடம். ஓட்டுநரையும் சேர்த்தாக வேண்டும் என்று கேட்டதற்கு, அவர் வண்டி ஓட்டட்டும் என்று கண்டக்டர் கெஞ்சினாராம்.

பஸ் வேலைநிறுத்தம் வந்த வருடம்தான் நூலகத்துக்கும் கண்டம் வந்தது. வாசகர் வருகை குறைவு, முழு நேர நூலகம் தேவைதானா என்று பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள் என்று மேலிடத்திலிருந்து பேச்சு வந்தது. அரை நாள் நூலகமாக்கிவிட்டால் சாயங்காலம் கதவு திறக்காது. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சாயங்காலத்தில்தான் வருவார்கள். புதுப் புத்தகத்துக்கும் கூரைக்கும் காசு ஒதுக்கச் சொல்லிக் கேட்கிற வழியும் அடைந்துபோகும். அவரை நான் அப்படிக் கவலையோடு பார்த்ததில்லை. என் நாற்காலியைக்கூடக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அரசு பஸ்கள் நின்றுபோயின. தனியார் பஸ்கள் ஓடினாலும் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. மேடம் எப்படி வரப் போகிறார் என்று பார்த்தால், வழக்கமான நேரத்துக்கு ஒரு பால் வண்டியிலிருந்து இறங்கினார். மறுநாள் நெல் மூட்டை லாரி. அதற்கும் மறுநாள் ஒரு கல்யாண வேனிலிருந்து, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பையோடு இறங்கினார்.

“மாப்பிள்ளை வூட்டு வேன் பாய். கேட்டேன், ஏறிக்கோங்கன்னாங்க.”

“கல்யாண வேனையா நிறுத்தினீங்க?”

“எடம் இருந்துது. கேக்குறதுல என்னா? மாப்பிள்ளையோட சித்தப்பா செராமிக்லதான் வேலையாம், லைப்ரரி இருக்கறதே தெரியாதுன்னாரு. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கறேன்.”

நூலகத்தில் பேப்பர் படிக்க வந்த ஒருவர், வேலைநிறுத்தம் செய்கிறவர்களைத் திட்டித் தீர்த்தார். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடக்க, போய்ப் பார்க்க வழியில்லாத கோபம் அவருக்கு. “நீங்களும்தான மேடம் லாரியில தொத்திக்கிட்டு வரீங்க, உங்களுக்குக் கோவம் வரலியா?” என்றார். “கால் வலிக்குது, கோவமும் வருது” என்றார் மேடம். “ஆனா அவங்க என்னா பண்றாங்க? வர வேண்டியதக் கேக்குறாங்க. நான் தெனம் பண்றதத்தான் அவங்க பந்தல் போட்டுப் பண்றாங்க. நான் எந்த வாயால தப்புன்னு சொல்றது?” சொல்லிவிட்டு, படித்து முடித்த வார இதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு, டிப்போ வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுக்கக் கிளம்பினார். திரும்பும்போது முகம் வாடியிருந்தது. கடைசியாக அனுப்பிய புத்தகக் கட்டுகள் பஸ்ஸிலேயே மாட்டி டிப்போவுக்குள் நிற்கின்றன, எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்றார்.

மறுநாள் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். ஜீப்பில் வந்தவருக்கு வேலைநிறுத்தம் உறைக்கவில்லை. காலையில் வெயில் ஏறிய நேரம். நூலகத்தில் ஒரு குருவி இல்லை. நான் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளபடி சொன்னால், கொடுத்துவிட்டு உடனே வந்திருக்க வேண்டும். ஆனால் வர மனமில்லை. ஓரமாக நின்றேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். காலி நாற்காலிகளைப் பார்த்தார். மேலே புதுமனை புகுவிழாவையும் பார்த்தார்.

“என்னம்மா இது, ஒருத்தரும் இல்ல. நான் என்னன்னு எழுதுறது?”

“பஸ்ஸு ஓடலைங்க சார்.”

“டவுன் லைப்ரரிக்கும் பஸ்ஸுக்கும் என்ன?”

மேடம் பதில் சொல்வதற்குள் வாசலில் டிராக்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கிவிட்டு வந்த வண்டி. அதிலிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரும், கல்லூரி முடித்த வயதில் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பெண் நேராக மேசைக்கு வந்தாள். “லைப்ரரி மேடம் யாருங்க?”

அதுவரை இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. போனில் கேட்ட குரலை வைத்தே மேடம் அவள் பெயரைச் சொல்லி, “நீதான?” என்றார். பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ஆமாங்க மேடம். போட்டிப் பரிட்சைக்கு அடுத்த புத்தகம் பஸ்ஸுல வரும்னு தெனம் ஸ்டாப்புல நின்னு பாத்தேன். பஸ்ஸே வரல. பரிட்சை கிட்ட வந்துருச்சுங்க. அதான் மாமாவோட வண்டியில வந்துட்டேன்.”

பெரியவர் மடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய புத்தகத்தை எடுத்தார். “எனக்கு விவசாய புத்தகம் ரெண்டாவது பாகம் வேணும்மா. மொத பாகத்துல நோயச் சொல்லிட்டான். மருந்து அதுலதான் இருக்குதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, அதிகாரி முன்னால் பஸ் விஷயம் வெளிப்பட்டுவிட்டதே என்று பகீரென்றது. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“பஸ்ஸுலயா? புத்தகம் எப்படி பஸ்ஸுல வரும்?”

பெண் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நாங்க இங்க வந்ததே இல்ல சார், கண்டக்டர் அண்ணன்தான் குடுப்பாரு, எங்க ஊருல நாலஞ்சு பேருக்கு வரும், பக்கத்து ஊருக்கும் வரும் என்று. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேப்பூர் பக்கமிருந்து மொபட்டில் புருஷன் பெண்டாட்டி இருவர், சைக்கிளில் ஒரு வாத்தியார் என்று வந்துகொண்டே இருந்தார்கள். பஸ் நின்றதால் ஊர் நிறுத்தத்துக்குப் புத்தகம் வராமல் போன ஆட்கள் எல்லோரும், அன்றைக்குப் பார்த்து, தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். உட்கார இடமில்லை. நான் ஓடிப்போய் என் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். யாரும் கேட்கவில்லை.

அதிகாரி குரலைத் தாழ்த்தி மேடத்திடம் கேட்டார். “உறுப்பினர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கணும்னு இருக்குதே. பஸ்ஸுல ஏத்தி அனுப்ப உங்களுக்கு யாரும்மா அனுமதி குடுத்தது?”

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உறவுக்காரர்கள் வாங்கிப் போனார்கள் என்றோ, எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“யாரும் குடுக்கலைங்க சார்” என்றார் மேடம். “இது ஒண்ணுதான் நான் கேக்காம செஞ்சது. கேட்டா இல்லன்னுடுவீங்கன்னு பயமா இருந்துது. இல்லன்னுட்டா அப்பறம் செய்ய முடியாதில்ல.”

எதற்கும் அஞ்சாமல் கேட்கிற அந்த மனுஷி, கேட்க அஞ்சிய இடம் ஒன்று இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அதிகாரி பெரியவரின் புத்தகத்தை வாங்கி, உள்ளே இருந்த சீட்டைப் படித்தார். “புத்தகம் தொலைஞ்சா யார் பொறுப்பு?” என்றார்.

“நான்தாங்க.”

“இதை என்னால மறைச்சு எழுத முடியாது. இத்தனை வாசகர்னும் எழுதணும், விதிய மீறி அனுப்பினதையும் எழுதணும். ரெண்டையும்தான் எழுதுவேன். பஸ்ஸு ஓட ஆரம்பிச்சாலும் இனிமே இப்படி அனுப்பக் கூடாது.”

“சரிங்க சார். அப்ப ஒரு வண்டி குடுங்க.”

“என்னது?”

“புத்தகம் கொண்டுட்டுப் போக ஒரு வேன். வாரத்துல ஒரு நாளு பெண்ணாடம் பக்கம், ஒரு நாளு வேப்பூர் பக்கம். நானே கூடப் போயி கையெழுத்து வாங்கிக் குடுக்கறேன். விதிப்படியே இருக்கும்.”

தண்டனையைச் சொல்லி முடித்த வாய் மூடுமுன் அடுத்ததைக் கேட்கிற பெண்ணை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். சிரிக்கக் கூடாது என்று நினைத்து, முடியாமல் சிரித்துவிட்டார். “எழுதிக் குடுங்க” என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். இவர் ஜீப்பின் ஜன்னல் வரை போய், “அந்த கூரையும் சார்” என்றார்.

பஸ்கள் ஓடத் தொடங்கிய சில நாளில் உத்தரவு வந்தது. நூலகம் முழு நேர நூலகமாகவே தொடரும். அன்று நூலகத்தில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பெண்ணாடம் கண்டக்டர், வண்டி புறப்படும் நேரத்தையும் பார்க்காமல் ஓடிவந்து, “மேடம், ஜெயிச்சுட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாத முடிவில் இரண்டாவது உத்தரவு வந்தது. பஸ்ஸில் புத்தகம் அனுப்பியதற்கு மேடத்துக்கு மெமோ, கூடவே மாற்றல். மாவட்டத்தின் அடுத்த கோடியில் ஒரு ஊர். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம்.

விஷயம் பஸ் ஏறிக் கிராமங்களுக்குப் போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள். அதற்கு முந்தின சனிக்கிழமை என் கடை நிரம்பிவிட்டது. டிராக்டரில் வந்த பெரியவர், பரிட்சைக்குப் படிக்கிற பெண், சைக்கிள் வாத்தியார், பட்டறைக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். மாற்றலை நிறுத்தச் சொல்லி மனு டைப் அடிக்கச் சொன்னார்கள். எனக்கும் அந்தக் கோபம்தான். விறுவிறுவென்று அடித்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்களோ, மேடம் வந்துவிட்டார். என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

“பாய், இத அழிங்க.”

“மேடம், நீங்க சும்மா இருங்க. உங்களுக்காக நாங்க கேக்குறோம்.”

“அதான் வேணாங்கறேன். ஒரு மனுவுக்கு ஒண்ணு குடுக்கறதே பெரிசு. அந்த ஒண்ண என் மேல வேஸ்ட் பண்ணாதீங்க. வண்டியக் கேளுங்க.”

பரிட்சைக்குப் படிக்கிற பெண் அழத் தொடங்கிவிட்டாள். “நீங்க போயிட்டா வண்டி வந்து என்னாங்க மேடம்?”

“நான் போனா இன்னொருத்தர் வருவாங்க. புத்தகம் வரலன்னா யாரு வந்து என்னா?” என்றார். அவருக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. “மொத தடவ குடுக்க மாட்டாங்க. நான் கூரைய எத்தினி தடவ கேட்டிருக்கறேன். கேட்டு நிறுத்தினாத்தான் இல்லன்னு அர்த்தம்.”

அடித்ததை அழித்தேன். அவர் சொல்லச் சொல்ல, வண்டி கேட்டு அடித்தேன். மாற்றலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் அவர் போய்விட்டார்.

வண்டி இன்னும் வரவில்லை. மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு மனுநாளில் போய் நிற்கிறோம். போன மாதம் என் முறை. கடையைச் சாத்திவிட்டுக் கடலூர் போனேன். வரிசையில் முன்னால் நின்றவர் பட்டா மாற்றத்துக்கு வந்தவர். “உங்களுக்கு என்னா பாய், பட்டாவா, பென்ஷனா?” என்று கேட்டார். “புத்தக வண்டி” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று நின்றேன். எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.